சந்திரகிரிக்குப் போன பஸ்

“எல்லாரும் கொஞ்சம் சிரிங்க. இந்தப் போட்டோ கம்பெனி நோட்டீஸ் போர்டுல வரப்போவுது,” என்றார் சூப்பர்வைசர் முரளிதரன்.

சந்திரகிரிக் கோட்டையில், ராஜ மஹாலுக்கு முன்னால் இருந்த புல்வெளியில் பதினெட்டு பேரும் நெருக்கியடித்து நின்றார்கள். எல்லாரும் ஸ்ரீசிட்டியில் செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் ஒப்பந்தத் தொழிலாளர்கள். யாருக்கும் இருபத்தெட்டு வயது தாண்டவில்லை. வேலை நாளில் சம்பளத்தோடு சுற்றுலா என்றபோது முதலில் ஒருவரும் நம்பவில்லை.

மோகனப்ரியா, அறைத்தோழி தேவயானியின் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தாள். மூன்று வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே லைன், ஒரே ஹாஸ்டல் அறை. ஒருத்தியின் பெட்டிச் சாவி இன்னொருத்தியிடமும் இருக்கும்.

காலையில் பஸ் கிளம்பும்போது முரளிதரன் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு தலைகளை எண்ணினார். “பதினேழு. அந்தரூ வச்சேசாரு, எல்லாரும் வந்தாச்சு, போலாம்.”

“பதினெட்டு சார். தேவயானிய உட்டுட்டீங்க,” என்றாள் ப்ரியா.

“ஆமாமா, கவனிக்கல,” என்று அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கோட்டைச் சுவர், ராணி மஹால், குளம் எல்லாவற்றையும் அவரே கூட நடந்து காட்டினார். வெள்ளைக்காரனுக்கு மெட்ராஸை எழுதிக் கொடுத்தது இங்கேதான் என்று சொல்வார்கள் என்றார். ஆளுக்கொரு கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தார். லைனில் தண்ணீர் குடிக்கப் போனால்கூட நேரம் பார்க்கிற மனிதர்.

மதியம் மரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ப்ரியா குரலைத் தாழ்த்தினாள். “கம்பெனி மனசு மாறிக்கினு வருதுடி. நாம திங்கக்கிழமை போறதுக்கு முன்னாடியே பர்மனென்ட் பண்ணிடுவாங்க போல. அப்படி ஆயிட்டா அம்மா ஆபரேஷன கம்பெனி இன்ஷூரன்ஸ்லயே முடிச்சிடலாம்.”

மூன்று வருஷம் முடித்தவர்களை நிரந்தரமாக்கச் சொல்லி ஒரு மனு. பதினெட்டு கையெழுத்து. திங்கட்கிழமை திருப்பதி லேபர் ஆபீசில் கொடுப்பதாக ஏற்பாடு. அதுவரை அது ப்ரியாவின் பெட்டியில், துணிகளுக்கு அடியில் இருந்தது. சுற்றுலாவுக்குக் கூப்பிட்டதும் அதே பதினெட்டு பேரைத்தான். சீனியர்கள் என்பதால் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தேவயானி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள்.

“துன்னுடி. ஆறிப்போவுது.”

“பசிக்கல.”

சாப்பாடு முடிந்ததும் முரளிதரன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒவ்வொரு கவராகக் கொடுத்தார். ப்ரியா தன்னுடையதைப் பிரித்தாள். ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது என்று இரண்டே வரி. யாரோ விசும்பினார்கள்.

“உங்க லக்கேஜெல்லாம் ஹாஸ்டல்லருந்து வேன்ல வந்துக்கினு இருக்கு. இதே பஸ்ல திருப்பதி பஸ் ஸ்டாண்டுல உட்ருவோம். கம்பெனி கேட்டாண்ட யாரும் வர வேணாம்,” என்றார் முரளிதரன்.

“நாங்க என்னா சார் தப்பு பண்ணோம்?”

அவர் ப்ரியாவின் முகத்தைப் பார்க்கவில்லை. “திங்கக்கிழமை லேபர் ஆபீசுக்குப் போறதா இருந்தீங்களாமேம்மா. அதுக்குள்ள முடிக்கச் சொல்லி மேல இருந்து உத்தரவு. எனக்கும் குடும்பம் இருக்குது.”

மனு விஷயம் பதினெட்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. போன வாரம் ஹர்ஷினி முரளிதரனின் அறையிலிருந்து வெளியே வந்ததை ப்ரியா பார்த்திருந்தாள். இருப்பவர்களில் சின்னவள். கையெழுத்துப் போடவே பயந்தவள்.

நேராக அவளிடம் போனாள். “நீதானடி போய்ச் சொன்னது?”

“சத்தியமா இல்லக்கா. அக்கா வளைகாப்புக்கு லீவு கேக்கப் போனேன்.” ஹர்ஷினி தன் கவரை நீட்டினாள். “எனக்கும்தான் குடுத்துட்டாங்க.”

ப்ரியா அதைப் பார்க்கவில்லை. கையை ஓங்கிவிட்டாள். தேவயானி ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

“அவ இல்ல ப்ரியா. உடு.”

ப்ரியாவின் கை தொய்ந்தது. அழுதுகொண்டிருந்த ஹர்ஷினியை இழுத்து அணைத்துக்கொண்டாள். “மன்னிச்சிடுடி. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு,” என்றாள்.

வேன் வந்தது. மூன்று வருஷ வாழ்க்கை பெட்டிகளும் பிளாஸ்டிக் பக்கெட்டுகளுமாகப் புல்மேல் இறங்கியது. கோட்டை பார்க்க வந்த குடும்பங்கள் விலகி நின்று வேடிக்கை பார்த்தன.

ப்ரியா தன் பெட்டியைக் கண்டுபிடித்தாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்து துணிகளுக்கு அடியில் துழாவினாள். மனு இல்லை. எந்தத் திருட்டுக் கை எடுத்ததோ என்று இருந்தது. இனி அதை வைத்து என்ன செய்வது என்றும் இருந்தது.

ஒவ்வொருவராகச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள். புல்வெளி காலியானது. தேவயானி மட்டும் வெறுங்கையோடு நின்றாள்.

ப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் விரல்களைக் கோத்துப் பிடித்தாள். “எதுக்கும் பயப்படாத. எங்கூட நகரிக்கு வந்துடு. வேற வேலை கெடைக்கற வரைக்கும் எங்க வீட்டுல இரு, எங்கம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. உன் பெட்டி மட்டும் காணோம்டி. இரு, வேன்காரன்கிட்ட கேட்டுட்டு வரேன்.”

தேவயானி விரல்களை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

“கேக்காத ப்ரியா. என் பெட்டி ரூம்லயேதான் இருக்குது.”