ஒன்பது நாள் துப்பாக்கி

மிதுலன், தர்மினி, ரிஷாத் மூவரும் வாட்ஸாப் குழுவில் எழுதி எழுதியே விண்வெளிப் போர் விளையாடுவார்கள். அதில் யார் புது ஆயுதம் கொண்டுவந்தாலும், நேரில் கூடி வாதாடித்தான் சேர்ப்பார்கள். கூடும் இடம், சிலிபின் வட்டாரத்தில் ரிஷாத்தின் அத்தா நடத்தும் சாப்பாட்டுக் கடை.

இந்தச் சனிக்கிழமை மிதுலன் ஒரு கற்பனைத் துப்பாக்கி கொண்டுவந்தான். சுடுவதற்கு ஒன்பது நாள் முன்பே அதன் குண்டு போய்த் தைத்துவிடும்.

"குண்டு பட்டதுக்கு அப்புறம் நீ சுடாம விட்டுட்டா?" என்று கேட்டான் ரிஷாத்.

"பட்டுடுச்சுன்னா யாராச்சும் சுட்டுத்தான் ஆகணும் மச்சான். அதான் இதோட ரூல்."

தர்மினி சம்மதமாகக் கையைத் தூக்கினாள். ரிஷாத் தூக்கவில்லை. அவன் தலைக்கு மேல் மறைப்புக்காக மாட்டியிருந்த காலண்டருக்குப் பின்னால், சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. ஒருநாள் காலையில் கடை திறக்க வந்தபோது அவன்தான் முதலில் பார்த்தான். இன்றோடு ஒன்பது நாள். சொன்னால் சிரிப்பார்கள்.

இரண்டுக்கு ஒன்று என்று ஆயுதம் சேர்ந்துவிட்டது. சோதனைக்கு இரண்டு குண்டு சுட்டதாக மிதுலன் உடனே குழுவில் எழுதினான்.

ரிஷாத் எழுந்து நான்கு சுவர்களையும் தடவிப் பார்த்தான். வேறு ஓட்டை இல்லை.

அத்தா, நுரைக்க நுரைக்க உயரத் தூக்கி ஆற்றும் பால் தேநீரான தே தாரிக் கொண்டுவந்து வைத்தார். நுரையே இல்லை.

"ஆத்தலையா அத்தா?"

"தோளத் தூக்க முடியலலா. அந்தச் செவுத்துல ஓட்ட விழுந்த அன்னிக்குப் பிடிச்ச வலி, இன்னும் விடல."

ரிஷாத் மிதுலன் பக்கம் திரும்பினான்.

"ரெண்டும் எங்க பட்டுச்சுன்னே தெரியல. இன்னொண்ணு சுட்டுப் பார்க்கிறேன்," என்றான் மிதுலன். மூன்றாவது குண்டையும் போனில் எழுதி முடித்திருந்தான். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.