கத்தரிக்கோலைப் பிடிக்கும் மாத்திரை

ஃப்ளூ மாத்திரை கண்டுபிடித்த அம்மாவையே ஃப்ளூ படுக்கப் போட்டுவிட்டது. பெட்டியெல்லாம் கட்டிவைத்திருந்த மகள், கிளம்ப மனசில்லாமல் கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"உன் மாத்திரை என்னதாம்மா பண்ணும்?"

"புதுசாப் பொறந்த வைரஸ் குட்டிங்க செல்லு வாசல்லயே ஒட்டிக்கிட்டு நிக்கும். ஒரு நொதிதான் கத்தரிக்கோல் மாதிரி வெட்டி அனுப்பும். மாத்திரை அந்தக் கத்தரிக்கோலைப் பிடிச்சுக்கும். அப்புறம் ஒண்ணும் வீட்டை விட்டுப் போகாது."

"பின்னே ஏன் காய்ச்சல் குறையல?"

"வயசாச்சில்ல," அம்மா முனகினாள்.

கிளம்புவதைத் தள்ளிப்போட்ட மகள், தலையணையைத் தட்டிப்போட எடுத்தாள். அடியில் மாத்திரைகள் அத்தனையும் அப்படியே கிடந்தன.

"ஒண்ணுகூடப் போடலையா?"

"போட்டா வைரஸ்தான் வீட்ல தங்கும். நீ போயிடுவியே."

மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அடுத்த தெருவுக்குத்தானேம்மா குடிபோறேன்."