மிஞ்சிய போல்ட்

என்ஜினைப் பூட்டி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டபோது தட்டில் ஒரு போல்ட் மிச்சம் இருந்தது.

"இது எங்கேயிருந்து வந்தது?" என்றாள் தங்கை.

"நீதானே கழட்டி வெச்சே?" என்றான் அண்ணன்.

அவள் நூலகர். எண் ஒட்டாத பொருள் எதுவும் உலகத்தில் இருக்கக் கூடாது என்பது அவள் கட்சி. அந்தப் பழைய காரிலிருந்து கழற்றிய ஒவ்வொன்றுக்கும், வாஷர் வரைக்கும், நூல் கட்டிச் சீட்டு மாட்டியிருந்தாள். இந்தப் போல்ட்டுக்கு மட்டும் சீட்டு இல்லை.

அவன் பல் டாக்டர். கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடியை என்ஜினுக்குள் விட்டு, எந்த ஈறு காலியாக இருக்கிறது என்று தேடினான். எல்லாப் பல்லும் இருந்தது.

கார் விஷயத்தில் இருவருக்கும் தெரிந்தது ஓட்டுவது மட்டும்தான். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு, பல வருஷமாகத் தூங்கும் அவருடைய காரை எழுப்பிச் சாவியை அவர் கையில் கொடுப்பதாகத் திட்டம். நம் கையால் செய்தால்தான் பரிசு, மெக்கானிக் வேண்டாம் என்றான் அண்ணன். எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது என்றாள் தங்கை. இரண்டும் பாதி உண்மை.

கார் நின்றதோ அப்பா வீட்டுக் கொல்லைக் கொட்டகையில். கிளினிக் சாமான்களைப் போட்டு வைக்கிறோம், தூசி, நீங்கள் அந்தப் பக்கம் வரவேண்டாம் என்று அவரிடம் சொல்லி, புதுப் பூட்டும் போட்டாயிற்று. சாவி இருவரிடம் மட்டும். ஞாயிறுதோறும் பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகவே போனார்கள். முகத்தைப் பார்த்தால் உளறிவிடுவோம் என்று பயம். அப்பா சமையலறையிலிருந்து டீ குடிக்கக் கூப்பிடுவார். அடுத்த வாரம்ப்பா என்று இங்கிருந்தே குரல் கொடுத்துவிடுவார்கள்.

போல்ட்டுக்கு இடம் தேடி என்ஜினை மறுபடி பிரித்தார்கள். மறுபடி பூட்டினார்கள். மறுபடி மிஞ்சியது.

அடுத்த ஞாயிறு, போல்ட்டுக்குத் துணையாகத் தட்டில் ஒரு ஸ்பிரிங். அதற்கடுத்த ஞாயிறு ஒரு பித்தளைக் குமிழ்.

குமிழ் கார்புரேட்டரைச் சேர்ந்தது என்று அண்ணன் அடித்துச் சொன்னான். புத்தகத்தில் அப்படி ஒன்று இல்லையே என்றாள். பழைய வண்டிகளில் இருக்கும் என்றான். எந்தச் சந்தேகத்துக்கும் அவனிடம் இருந்தது அந்த ஒரு பதில்தான்.

வண்டியில் குறை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மிச்சம் மட்டும் வாரா வாரம் பெருகியது. இருவருக்கும் தலை சுற்றியது. அந்தக் காரை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான். அவரிடம் போய்க் கேட்டால் ரகசியம் போச்சு.

"மிஞ்சினது பிரேக்கோட சாமானா இருந்தா?" என்றாள் தங்கை.

அந்தக் கேள்விக்கு அப்புறம் வண்டியைக் கிளப்பிப் பார்க்க இருவருக்கும் கை வரவில்லை. ஓட்டப்போவது அப்பா. பிறந்தநாளோ வருகிற புதன்கிழமை.

பயம் முற்றியதும் சண்டை வந்தது.

"சாவி நம்ம ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. நான் போடல. அப்ப யாரு?" என்றான் அவன்.

"அதையேதான் நானும் கேக்கறேன், டாக்டரே."

"எனக்கு இதுல என்ன லாபம்?"

"வண்டி ஓடலேன்னா, தங்கச்சி சரியா மாட்டலேன்னு அப்பாகிட்ட சொல்லலாமே. சின்ன வயசுலேர்ந்து அதானே உன் பொழப்பு."

அவன் ஸ்பேனரை வெடுக்கென்று இழுத்தான். அது வழுக்கி அவள் விரலைக் கிழித்தது. ரத்தத்தைக் கண்டதும் டாக்டர் பதறிப்போய்ப் பையைத் துழாவினார். அதில் பஞ்சு இல்லை.

வேறு வழியில்லாமல் அவள் வீட்டுக்குள் போனாள்.

அப்பா முன்னறையில் படித்துக்கொண்டிருந்தார். மேஜை விளக்கு கழுத்து தொங்கிக் கிடந்தது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பக்கம் புரட்டினார். பஞ்சு எங்கே என்று கேட்டாள். இழுப்பறையைக் காட்டினார். அதில் பிடித்து இழுக்கக் குமிழ் இல்லை, துளைதான் இருந்தது. அவள் குழம்பிப்போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனாள்.

"பாத்தும்மா. அது ஆடும்."

குனிந்து பார்த்தாள். நாற்காலிக் காலில் போல்ட் இருக்க வேண்டிய இடம் காலி.

"அப்பா, கொட்டகையில நாங்க என்ன பண்றோம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"வாரா வாரம் என் காரைப் போட்டு அடிக்கிறீங்க. தெருவுக்கே தெரியும்."

"அப்ப அந்தச் சாமானெல்லாம்..."

"தட்டு ஜன்னலுக்குக் கீழதானே இருக்கு. வெளியில நின்னாலே கை எட்டுது."

விரலோடு சேர்ந்து மனசும் எரிந்தது அவளுக்கு. தன் வண்டியை வேறு யாரும் தொடக் கூடாது, பெற்ற பிள்ளைகளே ஆனாலும். இந்த வயதிலும் அதே பிடிவாதம்.

"உங்களுக்காகத்தானேப்பா இவ்வளவும் பண்றோம். எங்கள இப்படி முழிக்க வெச்சு, எங்களுக்குள்ள சண்டை மூட்டி... என்ன கிடைச்சது உங்களுக்கு?"

அவர் பிடியை விட்டார். விளக்கு மேஜைமேல் தலை கவிழ்ந்தது.

"என்ன சாமான்னு புரியலேன்னா, உள்ள வந்து என்கிட்ட கேப்பீங்கன்னு நெனச்சேன்மா."