நாலைந்து தீக்குச்சிகள்

தம்பி தேவராசா கடைசியாகக் கேட்டது தீப்பெட்டி.

அம்மா குசினிக்குள்ளிருந்து எறிந்தாள். அவன் அதை ஒற்றைக் கையால் பிடித்து, சுருட்டைக் காதில் செருகிக்கொண்டு, கடற்கரைக்கு இறங்கினான். வல்வெட்டித்துறையில் மம்மல் பொழுது, இருட்டத் தொடங்கியிருந்தது. வாடைக்காற்று.

கரையோரப் படை முகாமிலிருந்து அவனைச் சுட்டார்கள். கடத்தல் தோணிக்கு வெளிச்சம் காட்டினான் என்றார்கள்.

மரண விசாரணையன்று நீதிமன்றத்தில் சோமசேகரம் ஐயா எழுந்து நின்றதும் அம்மாவின் முகம் தெளிந்தது. சாட்சிக் கூண்டுக்குள் நின்றபடியே கும்பிட்டாள். அவரும் கும்பிட்டார். வாக்குக் கேட்டு வந்த நாளிலும் அப்படித்தான் கும்பிட்டார்.

அவர் எங்கள் எம்.பி. பெயர் எடுத்த அப்புக்காத்து, பெரிய வழக்கறிஞர். வருடத்தில் இரண்டு வாரம் காக்கி உடுத்து இராணுவத்தின் தொண்டர் படைக்கும் போவார். அங்கே சட்ட அதிகாரி. அவசரகாலச் சட்டம் வந்த பிறகு அந்த இரண்டு வாரம் மாதக்கணக்காக நீண்டது.

ஊருக்கு அதில் பெருமை. "பட்டாளத்துக்கே சட்டம் படிப்பிக்கிறது எங்கடை ஆள்தான்" என்று தம்பி சந்தியில் நின்று அளப்பான். ஐயா வென்ற அன்று அவரைத் தோளில் தூக்கியவர்களில் அவனும் ஒருவன்.

விசாரணைக்கு முந்திய கிழமை அம்மா ஒரு பாரை மீனோடு அவர் வீட்டுக்குப் போனாள். நடந்ததையெல்லாம் அழுது அழுது சொன்னாள். அவர் இடைமறிக்காமல் கேட்டார்.

"கோட்டிலையும் நடந்ததை உப்பிடியே சொல்லுங்கோ, சிவக்கொழுந்தக்கா."

மீனை மட்டும் வாங்கவில்லை. நல்ல மனுசன் என்றாள் அம்மா.

இப்போது அவர் நீதவானிடம் ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்லிவிட்டு, அம்மாவின் பக்கம் தமிழோடு திரும்பினார்.

"தீப்பெட்டி நீங்கள்தானே குடுத்தனீங்கள்?"

"ஓம் ஐயா."

"ஒரு குச்சிதான் கொளுத்தினவனோ?"

அம்மா சிரித்துவிட்டாள். தம்பி செத்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

"ஒரு குச்சியிலையோ? அந்தக் காத்துக்கை நாலைஞ்சு கொளுத்தாமல் அவன்ரை சுருட்டு எந்தநாள் பத்தினது? முத்தத்திலை நிண்டு நானே பாத்தனான். 'பெட்டி முடியப்போகுது மோனை' எண்டு கத்தினனான்."

பின்வரிசை வாங்குகளில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"பத்திப் பத்தி அணைஞ்சது?"

"ஓம் ஐயா. அப்பிடித்தான்."

"முந்தி அக்கரைக்குத் தோணியிலை போய் வந்தவன்?"

"ஒருக்கால், வேதாரணியத்துக்கு. உங்களுக்குச் சொன்னனான்தானே."

ஐயா தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். கறுப்புக் கோட்டுக்குக் கீழே அவருடைய சப்பாத்து மண்ணிறமாக மினுங்கியது. முகாமில் போடுகிற சப்பாத்து. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூண்டிலிருந்து இறங்கி வந்த அம்மா என் கையைப் பிடித்தாள்.

"ஐயா நல்லாக் கேட்டவர், என்ன?"

"ஓம் அம்மா" என்றேன்.

பற்றிப் பற்றி அணைந்த வெளிச்சம் சைகைதான் என்று நீதவான் தீர்த்தார். சுட்டவன்மேல் குற்றமில்லை. ஐயா அவ்வளவு பாடுபட்டும் நீதவான் கேட்கவில்லையே என்று அம்மா பஸ்ஸில் வரும் வழியெல்லாம் புலம்பினாள். அடுத்த தேர்தலிலும் வரிசையில் முதல் ஆளாக நின்று அவருக்கே போட்டாள்.

ஐயா ஆங்கிலத்தில் சொன்ன அந்த ஒரு வசனத்தை அவள் சாகும்வரை நான் தமிழாக்கவில்லை.

'கனம் நீதவான் அவர்களே, நான் படையினர் சார்பில் முன்னிலையாகிறேன்.'

தம்பியின் திவசத்தன்று அவன் விழுந்த இடத்தில் கற்பூரம் கொளுத்துகிறேன்.

அந்தக் கரையில் இன்றும் ஒரு குச்சியில் எதுவும் பற்றுவதில்லை.