புலிக்குப் பல் வலி

"ஆஆஆ!"

சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடந்தவர் போட்ட சத்தத்தில், பல் டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றது. "என்ன சார், இன்னும் வலிக்குதா? மரத்துப்போக ஊசி போட்டுட்டுத்தானே ஆரம்பிச்சேன்?" என்று குனிந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

வலி பல்லில் இல்லை, காதில். வாய் நிறைய பஞ்சும் குழாயுமாக இருக்கும்போது அதை எப்படிச் சொல்வது?

ஆள் லேசுப்பட்டவர் இல்லை. நுழைவுத் தேர்வுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுப்பதில் கொடிகட்டிப் பறப்பவர். 'இங்கிலீஷ் புலி' என்றுதான் பேர். பஸ் ஸ்டாப்புக்கு பஸ் ஸ்டாப் அவர் சிரிக்கிற படம் ஒட்டியிருக்கும். வகுப்பு முடிந்து வாசலில் யாராவது ஒரு சந்தேகம் கேட்டால்கூட, "அதுக்குத் தனி ஃபீஸ்ப்பா" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார்.

அப்பேர்ப்பட்டவரை இந்த டாக்டரம்மாவுக்கு அடையாளமே தெரியவில்லை போலிருந்தது. உள்ளே நுழைந்ததும், "எந்தப் பல்லு?" என்று மட்டும் கேட்டார். அதிலேயே புலியின் மூஞ்சி பாதி தொங்கிப்போயிற்று.

மீதிப் பாதி இப்போது தொங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா மேல்படிப்புக்காக அதே நுழைவுத் தேர்வை எழுதப்போகிறாராம். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, பயிற்சிப் புத்தகத்திலிருந்து நர்ஸ் கேள்வியை வாசிக்க, டாக்டரம்மா சொத்தையைக் குடைந்தபடியே பதில் சொன்னார்.

"'கேப்பபிள்'னு ஒரு வார்த்தை டாக்டர். அதுக்குப் பின்னால 'டு' வருமா, 'ஆஃப்' வருமா?"

"'டு'தான். இதுல என்ன சந்தேகம்?"

"ஆஆ!"

நர்சின் பென்சில் அவர் அலறி முடிக்கும்வரை அந்தரத்தில் நின்றது. பாவம், பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் புலி.

"அடுத்தது வாசிம்மா."

"'ஐ ப்ரிஃபர் டீ'ன்னு வருது. 'காபி'க்கு முன்னால 'தேன்' போடணுமா, 'டு' போடணுமா?"

"காபிக்குத் 'தேன்'தான்!"

காபியில் தேனை ஊற்றுகிறாளே பாவி! புலி நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆஆஆ!" என்று காலை உதறினார்.

"அசையாதீங்க சார். ம், அடுத்தது?"

"'இன்சிஸ்ட்'டுக்கு 'ஆன்' வருமா, 'டு' வருமா?"

"'ஆன்'."

அப்பாடா! புலிக்கு மூச்சு வந்தது. கண்ணை மூடிக்கொண்டார். பென்சில் சட்டென்று கீறுகிற சத்தம் கேட்டது.

அந்த நிம்மதி அதோடு சரி. அதற்கப்புறம் 'ப்ரிவென்ட்', 'ரிகார்ட்' என்று டாக்டரம்மா ஒவ்வொன்றுக்கும் கை போன போக்கில் வாலை ஒட்டினார். குடைகிற மெஷின் ஓய்ந்து, சிமெண்ட் பூசி முடித்த பிறகும், "நல்லா இறுகட்டும் சார், வாயை மூடிடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கேள்விகளைத் தொடர்ந்தார். புலிக்கு அலறி அலறித் தொண்டை கட்டிப்போயிற்று.

ஒருவழியாகப் புத்தகம் மூடியது. பஞ்சும் குழாயும் வெளியே வந்தன. வாயைக் கொப்பளித்ததும் புலி பாய்ந்தார். பாதி உதடு மரத்திருந்ததால் பேச்சு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு வந்தது.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சொன்ன பதில்ல முக்காவாசி தப்பு! இதையெல்லாம் விதி வச்சுச் சொல்ல முடியாது, காது பழகணும். இப்படியே போனீங்கன்னா தேர்வுல கோட்டை விட்டுருவீங்க. நான் யாருன்னு தெரியுமா?"

"உங்களைத் தெரியாம இருக்குமா சார்? தினமும் பஸ் ஸ்டாப்ல பார்க்கிறேனே!" டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார்.

புலி திகைத்துப்போனார். "தெரிஞ்சுக்கிட்டேவா என் காதுபட இவ்வளவு தப்பையும் சொன்னீங்க?"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். டாக்டரம்மா மட்டும் சிரிக்காமல் சொன்னார்:

"புத்தகத்துல விடைப் பக்கம் கிழிஞ்சு போச்சு சார். அதான், நீங்க கத்தின பதிலையெல்லாம் தப்புன்னு அடிச்சுட்டோம்!"