வளைவில் இரண்டு புள்ளி நான்கு

“அந்த நம்பரை எழுதாதீங்க சார். நல்லாயிருக்க மாட்டீங்க.”

ஃபோர்மேன் குரலை உயர்த்தவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைத்தான் உயர்த்தினார். பன்னிரண்டடி உயரச் சாரத்தில், ஓர் ஆள் நிற்கிற இடத்தில் இரண்டு பேர். குழாயின் தடிமன் அளக்க வந்த பரிசோதகரின் பேனா நிற்கவில்லை.

அமிலம் ஓடும் குழாய். சுவர் இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் லைனையே நிறுத்தச் சொல்லி எழுத வேண்டும். மூன்றைத் தொட்டால் மூன்று வருஷம் யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். நடுவில் மாட்டினால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை.

அடியில் பதினைந்து பேர் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மேனேஜர், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தபடி. ஃபோர்மேன் அவருக்குச் சொந்த மச்சான். மச்சானுக்காக எண்ணைக் கூட்டி எழுதச் சொல்வார், விஷயம் இவ்வளவுதானே என்று பரிசோதகர் ஏணி ஏறும்போதே முடிவு கட்டிவிட்டார்.

ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்துத் தடிமன் சொல்லும் கருவியால் நேர்க்குழாயில் தொடங்கி வளைவு வரை அளந்தாயிற்று. மூன்று புள்ளி மூன்று, இரண்டு புள்ளி எட்டு, இரண்டு புள்ளி ஒன்று. வளைவின் முதுகில் இரண்டு புள்ளி நான்கு. தப்பித்தது குழாய்.

“இங்க மறுபடி எடுங்க.” ஃபோர்மேன் ஸ்பேனரால் வளைவைக் காட்டினார். கண் மட்டும் கீழே இருந்தது.

“எதுக்கு? மூணு வரணுமா? நம்பர் என்ன ரப்பரா, இழுத்து நீட்ட?”

“மெதுவாப் பேசுங்க. கீழ கேக்குது.”

“கேக்கட்டும்! இருபது வருஷத்துல என் நம்பரை எவனும் வெலைக்கு வாங்கினதில்ல.”

“இந்த நம்பரை எவன்யா வாங்குவான்?”

பரிசோதகருக்குச் சுருக்கென்றது. பையைத் துழாவி, பென்சில் மாதிரி மெலிந்த இன்னொரு முனையை எடுத்துக் கருவியில் மாட்டினார்.

“இதைவிடப் பொடிசா எங்கிட்ட இல்ல. இதுலயும் அதே வந்தா வாயைப் பொத்திக்கணும். சரியா?”

ஒலி கடத்தும் பசையைக் குழாயில் தடவி முனையை அழுத்தினார். ஒன்று புள்ளி இரண்டு.

தகடு ரொம்பவும் மெலிந்துபோனால் பெரிய முனை முதல் எதிரொலியைக் கோட்டைவிடும். இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு, இருப்பதை இரட்டிப்பாகச் சொல்லும். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு அவரே முதல் நாள் நடத்துகிற பாடம். குறைந்துகொண்டே வந்த எண், அதிகம் தேய்கிற வளைவில் போய் ஏறியபோதே உறைத்திருக்க வேண்டும். என்ன செய்ய, கவனமெல்லாம் ஸ்பேனர்மேல் இருந்தது.

அவமானத்தை மூடக் கோபத்தைவிட நல்ல போர்வை ஏது?

“பாத்தீங்கல்ல? மூணுக்கு ஆசைப்பட்டீங்க, இருந்ததும் பாதியாச்சு! லைன் இப்பவே நிக்குது. போங்க, போய் உங்க மச்சான்கிட்ட சொல்லுங்க!”

ஃபோர்மேன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாரத்துக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“நீங்களே சொல்லுங்க சார். நான் மூணு மாசமாச் சொல்லிப் பாத்துட்டேன்.”