ஏன் என்று கேட்காத மனு

எஸ்தர் மனுவை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

ஓட்டை இல்லை.

ஓட்டை இல்லாத மனுவா? அதுவும் அவளிடமா?

மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குத் தகவல் கேட்டு வருகிற மனுக்களுக்கெல்லாம் பதில் அனுப்புவது அவள் வேலை. ஒவ்வொரு பிரிவாக ஏறி இறங்கித் தகவலை வாங்கி, தொகுத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் சொல்வது அதைத்தான். ஆனால் அலுவலகம் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது வேறொன்றுக்காக. எதையுமே கொடுக்காமல் பதில் எழுதுவதில் எஸ்தர் மேடத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பக்கத்து மாவட்டத்திலிருந்துகூட போன் போட்டு யோசனை கேட்பார்கள்.

'ஏன்' என்று கேட்டுவிட்டால் அவளுக்குக் கொண்டாட்டம். விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரு வரியில் திருப்பிவிடலாம். எந்த மாதம் என்று குறிப்பிடாவிட்டால், கோரியது தெளிவாக இல்லை. இரண்டு அலுவலகத்து விஷயத்தைச் சேர்த்துக் கேட்டால் இன்னும் நல்லது. இவர்கள் அங்கே அனுப்ப, அவர்கள் இங்கே அனுப்ப, மனு பாட்டுக்கு ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்.

பேச்சியம்மாளின் முதல் மனு அப்படித்தான் திரும்பிப் போனது.

பீடி சுற்றுகிற பெண். வயலில் வைத்துக் கணவனைப் பாம்பு கடித்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மருந்து இல்லை, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றிருக்கிறார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது.

என் வீட்டுக்காரருக்கு ஏன் மருந்து போடவில்லை என்று கேட்டிருந்தாள்.

விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று எஸ்தர் எழுதினாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது அதே பேச்சியம்மாள். மனு மட்டும் வேறு.

அந்த நிலையத்திலிருந்து இங்கே வந்த விஷமுறிவு மருந்து இருப்பு அறிக்கையின் நகல். மாதம் குறிப்பிட்டிருந்தது. மருந்து வேண்டுமென்று அங்கிருந்து வந்த கடிதங்களின் நகல். அவற்றின் மேல் இந்த அலுவலகம் எடுத்த நடவடிக்கையின் நகல்.

எங்கேயும் 'ஏன்' இல்லை.

எல்லாமே இந்தக் கட்டடத்துக்குள் இருக்கிற காகிதங்கள். வேறு எங்கேயும் தள்ளிவிட வழியில்லை.

சரி, கடைசியாக ஒன்று இருக்கவே இருக்கிறது. கோப்பைக் காணவில்லை என்று எழுதிவிடலாம்.

மனுவின் கடைசி வரிக்குப் போனாள். அங்கே இப்படி இருந்தது: கோப்பு கிடைக்கவில்லை எனில், அதைக் கடைசியாகக் கையாண்டவரின் பெயரையும் பதவியையும் தரவும்.

அவளுக்குப் பொறி தட்டியது.

இப்படி ஒருத்தன் கேட்டுவிட்டால் நாங்கள் தொலைந்தோம் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அலுவலகத்தில் இல்லை. வீட்டில், சாப்பிடும்போது, பெருமையடித்துக்கொண்டு. எதிரே மகள் கெசியா முருங்கைக்காயைச் சவைத்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை, கள்ளி.

சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் கிராமங்களுக்குப் போய் இலவசமாக மனு எழுதிக் கொடுக்கிறார்கள். கெசியாவும் போகிறாள்.

சுருக்கென்று கோபம் வந்தது. என் சோற்றைத் தின்றுவிட்டு எனக்கே வேலை வைக்கிறாளா?

பிறகு மறுபடி படித்தாள். அம்மா தப்பித்துப் போகிற வாசல் ஒவ்வொன்றாக அடைபட்டிருந்தது. தேவையில்லாமல் ஒரு சொல் கிடையாது. தன்னால் இப்படி எழுத முடியுமா என்று யோசித்தாள். முடியாது. பெருமை தாங்கவில்லை. அடுத்த நாற்காலிக்காரரிடம்கூடச் சொல்ல முடியாத பெருமை.

எழுந்து மருந்துப் பிரிவுக்குப் போனாள். நகல் கிடைக்கிறவரை அங்கேயே நின்றாள்.

மருந்து தீர்ந்துவிட்டது, உடனே அனுப்புங்கள் என்று அந்த நிலையத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. இரண்டும் இங்கேயே தூங்கியிருந்தன. பேச்சியம்மாள் முதலில் கேட்ட ஏனுக்கு அதுதான் பதில்.

துணை இயக்குநர் கூப்பிட்டனுப்பினார்.

"இதுக்கு ஒரு வழி பாருங்க மேடம். உங்களுக்குத் தெரியாத ஓட்டையா?"

"இதுல ஓட்டை இல்ல சார்."

அவளுடைய பதவி உயர்வுக்குப் பரிந்துரை எழுத வேண்டியவர் அவர்தான். அந்தப் பரிந்துரைக் கோப்பு மேசையில் முன்னால் இருந்தது. அதை எடுத்து மற்ற கோப்புகளுக்கு அடியில் வைத்தார்.

அவளுக்குப் புரிந்தது. நிறைய வருடம் காத்திருந்த பதவி.

ஆனால் தகவல் மனுவின் பதிலில் கையெழுத்து அவளுடையது. அதற்கு அவர் ஒப்புதல் தேவையில்லை. நகல்களோடு பதிலை அவர் மேசை ஓரத்திலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டாள். கீழே பெயரை முழுசாக எழுதினாள். தபால் பிரிவில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

அவர் மனுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொம்பளைக்கு இவ்வளவு தெரியாது. எவனோ எழுதிக் குடுத்திருக்கான். பழம் தின்னு கொட்டை போட்ட வக்கீலா இருக்கணும். யாருன்னு விசாரிச்சுச் சொல்லுங்க."

தெரியாது சார் என்று சொல்லியிருக்கலாம். அத்தோடு முடிந்திருக்கும். கோப்பும் என்றைக்காவது மேலே வந்திருக்கும்.

அவளால் முடியவில்லை. சிரிப்பு வேறு முட்டிக்கொண்டு வந்தது.

"வக்கீல் இல்ல சார். இப்பதான் கடைசி வருசம் படிக்கா."